பழைய காருக்கு என்ன விலை சொல்றது?



போன ஐப்பசியில எங்க வீட்டுக் காரை வித்துடலாம்னு முடிவு பண்ணினோம். சின்ன பெட்ரோல் கார். 2009 மாடல். பூந்தமல்லி ஆர்.டி.ஓ. நம்பர், டி.என். 12. நான் 2013-ல செகண்ட் ஹேண்டா வாங்கினது. விக்கிறதுன்னு முடிவு பண்ணினதும் வந்த முதல் கேள்வி, என்ன விலை சொல்றதுங்கிறதுதான்.

நாலு பேரைக் கேட்டேன். நாலு விலை வந்தது. என் மச்சான் போனைத் தடவிப் பார்த்துட்டு, "1,40,000 சொல்லுங்க மாமா, கம்மியா சொல்லிடாதீங்க"ன்னான். வழக்கமா வண்டி பாக்குற மெக்கானிக், "80,000 வந்தா குடுத்துடுங்கண்ணே"ன்னாரு. பழைய கார் வாங்கி விக்கிற கன்சல்டிங் கடையில வண்டியை ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு 55,000 சொன்னாங்க. புதுப்பேட்டையில வண்டி பிரிக்கிற ஒருத்தர்கிட்ட போன்ல கேட்டதுக்கு, வண்டியைப் பாக்காமலே 30,000ன்னு சொல்லிட்டாரு.

ஒரே வண்டிதான். 30,000-க்கும் 1,40,000-க்கும் நடுவுல எது சரி? காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. எனக்கு மச்சான் சொன்ன விலைதான் இனிச்சது. ஆனா யோசிக்க யோசிக்க, பழைய வண்டிக்கு விலை எப்படி வருதுன்னே எனக்குத் தெரியலன்னு புரிஞ்சது. கொஞ்ச நாள் அதையே படிச்சேன், பழைய ஆளுங்களைக் கேட்டேன். தேடப் போனது விலையை. கிடைச்சது எங்க பக்கத்து 70 வருஷக் கதை. அதை இங்க எழுதி வைக்கிறேன்.

முதல்ல மாட்டுச் சந்தையில இருந்து ஆரம்பிக்கிறேன், எனக்குத் தெரிஞ்ச சந்தை அதுதான். சின்ன வயசுல அப்பாகூட மாடு வாங்கப் போவேன். தரகர் ரெண்டு பேரு துண்டைப் போட்டுக் கையை மூடிக்குவாங்க. துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சுத்தான் விலை பேசுவாங்க. வெளியில நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. அப்பா அதுக்கு முன்னாடியே மாட்டு வாயைத் திறந்து பல்லைப் பார்த்திருப்பாரு. ரெண்டு பல்லா, நாலு பல்லா, ஆறு பல்லா, கடை சேர்ந்துடுச்சா. விக்கிறவன் வயசை என்ன சொன்னாலும் சரி, பல்லு பொய் சொல்லாது. அப்புறம் சுழி பார்ப்பாரு, நடக்க விட்டுப் பார்ப்பாரு, ஏர்ல பூட்டிப் பார்க்கக் கேட்பாரு. இவ்வளவும் எதுக்கு? விக்கிறவனுக்குத் தெரிஞ்ச விஷயம் வாங்குறவனுக்குத் தெரியாது. அந்த இடைவெளியைக் கொஞ்சமாவது குறைக்கத்தான்.

உழைக்க முடியாத மாட்டுக்கும் சந்தையில ஒரு விலை உண்டு. அதுதான் அடிமாட்டு விலை. அதுக்குப் பல்லும் பார்க்க மாட்டாங்க, சுழியும் பார்க்க மாட்டாங்க. எடையைத்தான் பார்ப்பாங்க. புதுப்பேட்டைக்காரர் வண்டியைப் பாக்காம விலை சொன்னாரே, அது இந்த விலை. கதவு, கண்ணாடி, கியர் பாக்ஸ், 800 கிலோவுக்கு மேல இரும்புன்னு கணக்குப் போட்டுச் சொன்னாரு. நம்ம தலைக்கு மேல ஒரு கூரை விலை இருக்குதோ இல்லையோ, காலுக்குக் கீழே இந்தத் தரை விலை இருக்குது.

இப்போ ஆவடிக்கு வர்றேன். ஆவடியில 1955 ஜனவரியில காங்கிரஸ் மாநாடு நடந்தது. உ.ந. தேபர் தலைவர். நேரு வந்தாரு. காமராஜர் அப்போ முதலமைச்சர். சோஷலிச மாதிரி சமுதாயம்தான் நம்ம லட்சியம்னு அங்கதான் தீர்மானம் போட்டாங்க. பள்ளிக்கூடப் பாடத்துல எல்லாரும் படிச்சதுதான். அந்தத் தீர்மானத்துக்கும் பழைய கார் விலைக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. நிறையவே இருக்குது.

அந்தக் காலத்துல நாட்டுக்கிட்ட அந்நியச் செலாவணி கம்மி. இருக்கிற காசுல முதல்ல எஃகு ஆலை, அணை, மின்சாரம், அப்புறம்தான் காருன்னு அரசாங்கம் நினைச்சது. அதுல தப்பு சொல்றதுக்கு இல்ல. வெளிநாட்டுல இருந்து பாகங்களைக் கொண்டுவந்து இங்க மாட்டி மட்டும் வித்துக்கிட்டிருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1950கள் நடுவுலயே கிளம்பிட்டாங்க. மிச்சம் இருந்தது முக்கியமா மூணு வண்டி. கல்கத்தா பக்கம் உத்தரபாராவுல அம்பாசிடர். பம்பாயில ஃபியட். நம்ம சென்னையில பெருங்களத்தூர்ல ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அது 1961-ல வந்தது. எத்தனை கார் செய்யலாம்னு லைசென்ஸ்ல இருக்கும். அதுக்கு மேல செய்யக் கூடாது.

வண்டி கம்மி, கேட்கிறவங்க அதிகம். பணம் கட்டிட்டு வருஷக்கணக்கா காத்திருக்கணும். யாருக்கு எப்போ வண்டி போகணும்னு 1959-ல அரசாங்கம் ஒரு கட்டுப்பாட்டு ஆணை போட்டது. புது வண்டி வாங்கினவர் குறிப்பிட்ட காலத்துக்குள்ள அதை விக்கக் கூடாதுன்னு அதுல இருந்தது. ஏன் அப்படி ஒரு தடை? வித்தா லாபம் வந்ததால! அரசாங்கம் நிர்ணயிச்ச விலையில வாங்கி, வெளியில நின்ன ஆளுக்கு அதிக விலைக்குக் கொடுக்கலாம். ஒரு வருஷம் ஓடின கார் புதுக் காரைவிட அதிக விலைக்குப் போச்சு. 1969-ல கார் விலையையே ஆணை போட்டு நிர்ணயிச்சாங்க. கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க.

அந்தக் காலத்துல பழைய கார் வித்தவருக்கு என்ன விலை சொல்றதுங்கிற கவலையே இல்ல. அவர் விக்கிறது தேய்ஞ்ச வண்டியை இல்ல. அஞ்சு வருஷம் காத்திருக்க வேண்டியது மிச்சம் ஆகுதே, அந்தக் காலத்தை விக்கிறாரு. என்ஜின் புகை விட்டாலும் விலை நிக்கும்.

இதுல எங்க பக்கத்துக்காரங்க நிலைமை வேடிக்கையா இருந்தது. அம்பத்தூர்ல 1949-ல டி.ஐ. சைக்கிள்ஸ் வந்துடுச்சு. அப்புறம் டன்லப் டயர் ஃபேக்டரி வந்தது. ஆவடியில டாங்கி செய்யுற கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1960கள்ல அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்து, பட்டறை பட்டறையா லேத் ஓடிச்சு. கார் கம்பெனிக்கும் லாரி கம்பெனிக்கும் போற போல்ட்டுல இருந்து பிஸ்டன் வரைக்கும் எங்க ஊர்ப் பசங்க கைதான் பட்டுச்சு. வேலைக்குப் போனது மட்டும் சைக்கிள்ல. கார்ங்கிறது டாக்டர் வீட்டுலயும் ரைஸ் மில் முதலாளி வீட்டுலயும் நிக்கிற பொருள். எங்க ஊர்ல ஒரு பெரியவர் வீட்டு ஃபியட்டுக்கு 20 வருஷத்துல நாலு தடவை பெயின்ட் அடிச்சது எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் விலை ஏறத்தான் செஞ்சதுன்னு அவர் மகன் இன்னிக்கும் சொல்லுவாரு.

1983 டிசம்பர்ல மாருதி 800 வந்தது. முதல் வண்டிச் சாவியை இந்திரா காந்தி கொடுத்தாங்க. விலை 47,500 ரூபாய். அதுக்கும் ஆரம்பத்துல வரிசை இருந்தது, வரிசை இருந்த வரைக்கும் பழசுக்கும் கிராக்கி இருந்தது. 1991-க்கு அப்புறம் லைசென்ஸ் கட்டுப்பாடு தளர்ந்தது. அடுத்த ஏழெட்டு வருஷத்துல எல்லாமே தலைகீழா மாறிச்சு. அந்த மாற்றம் எங்க ரோட்டு மேலயே நடந்தது.

பூந்தமல்லியில இருந்து பெங்களூர் ரோட்டுல போனா, ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னாடி இருங்காட்டுக்கோட்டை. அங்க ஹூண்டாய் ஃபேக்டரி வந்து, 1998 செப்டம்பர்ல சான்ட்ரோ வெளியில வந்தது. அதே வருஷம் திருவள்ளூர் பக்கத்துல இந்துஸ்தான் மோட்டார்ஸ் லான்சர் கார் செய்ய ஆரம்பிச்சாங்க. வருஷக் கடைசியில டாடா இண்டிகா வந்தது. கார் ஏத்திக்கிட்டு நீளமான டிரெய்லர் லாரிங்க எங்க ரோட்டுல வரிசையா போகும். நாங்க நாத்து நட்டுக்கிட்டே எண்ணுவோம். கடனும் சுலபமா கிடைச்சது. காலையில ஷோரூம் போனா சாயந்தரம் வண்டியோட வரலாம்னு ஆச்சு.

அன்னிக்கு வரிசை செத்துச்சு. வரிசையோட சேர்ந்து பழைய காரோட பழைய விலையும் செத்துச்சு. முன்னாடி பழைய காரோட விலை மேல நின்னு புதுசைக் குனிஞ்சு பார்த்தது. இப்போ புதுக் காரோட விலை இறங்கினா பழசும் கூடவே இறங்கணும். இதை நானே கண்ணால பார்த்தேன். 2025 செப்டம்பர் 22-ல இருந்து சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-ல இருந்து 18 சதவீதம் ஆச்சு. புதுக் கார் விலை குறைஞ்சது. என் வண்டி கொட்டகையில சும்மாதான் நின்னது. ஒரு போல்ட்டுகூடத் தேயல. ஆனா ஒரே ராத்திரியில அதோட மதிப்பும் கொஞ்சம் போயிடுச்சு. வரி மாறும் முன்னாடி விக்காம விட்டது என் நேரம்.

அப்போ பழைய கார் விலைங்கிறது புது விலையில இத்தனை சதவீதம்னு ஒரு கணக்குதானா? அப்படி ஒரு கணக்கு இருக்கத்தான் இருக்குது. அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சலீஸ்ல லெஸ் கெல்லின்னு ஒரு கார் வியாபாரி, எந்த மாடலை என்ன விலைக்கு வாங்கிக்குவேன்னு பட்டியல் போட்டு அனுப்புவாரு. அதையே 1926-ல புத்தகமா போட்டாரு. கெல்லி புளூ புக்குன்னு இன்னிக்கும் அங்க பழைய கார் விலைக்கு அதைத்தான் புரட்டுறாங்க. நம்ம ஊர்ல இன்சூரன்ஸ்காரங்க கையில ஒரு அட்டவணை இருக்குது. 2002-ல வந்த மோட்டார் டாரிஃப்ல இருந்து வர்றது. ஆறு மாசம் வரைக்கும் 5 சதவீதம் கழிக்கணும். ஒரு வருஷத்துக்குள்ள 15. ரெண்டு வருஷத்துக்குள்ள 20. மூணுக்கு 30, நாலுக்கு 40, அஞ்சுக்கு 50. அதுக்கு மேல? அட்டவணை அங்கயே நின்னுடுது. அஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கு கம்பெனியும் வண்டிக்காரரும் பேசி முடிவு பண்ணிக்கணும்னு இருக்குது.

இதைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்தது. அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் அட்டவணைக்கே தெரியல, எனக்கு எப்படித் தெரியும்? ஆனா காரணம் புரிஞ்சது. மூணு வருஷ வண்டி எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். 16 வருஷ வண்டி அப்படி இல்ல. ஒண்ணு மாமியார் வீட்டுக்கு மட்டும் போய் வந்திருக்கும். இன்னொண்ணு டிராவல்ஸ்ல ஓடி, கவுந்து, எழுந்து வந்திருக்கும். ரெண்டுக்கும் மாடல் ஒண்ணு, வருஷம் ஒண்ணு, கலரும் ஒண்ணு. எது எதுன்னு விக்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த விஷயத்தைப் பத்தி உலகத்துலயே பேர் வாங்கின ஒரு கட்டுரை இருக்குது. ஜார்ஜ் ஆகர்லாஃப்னு அமெரிக்கப் பொருளாதார அறிஞர் எழுதினது. 1970-ல வெளிவந்தது. அமெரிக்காவுல ஓட்டை வண்டியை லெமன்னு சொல்லுவாங்களாம், எலுமிச்சம்பழம். அதையே தலைப்புல வெச்சாரு. அவர் சொன்னதை நம்ம கணக்குல சொல்றேன்.

பத்துக் கார் விலைக்கு நிக்குது. அஞ்சு நல்ல வண்டி, ஒவ்வொண்ணும் 1,00,000 பெறும். அஞ்சு ஓட்டை வண்டி, 40,000 பெறும். வாங்குறவனுக்கு எது நல்லது, எது ஓட்டைன்னு தெரியாது. அவன் நடுவுல 70,000 கேட்பான். நல்ல வண்டிக்காரன், "70,000-க்கு எதுக்குக் கொடுக்கணும், நானே ஓட்டிக்கிறேன்"னு வீட்டுக்குத் திரும்பிடுவான். ஓட்டை வண்டிக்காரன் சந்தோஷமா நிப்பான். இப்போ சந்தையில மிச்சம் இருக்கிறது ஓட்டை மட்டும்தான். அது தெரிஞ்சதும் வாங்குறவன் 40,000-க்கு மேல கேட்க மாட்டான். ஏமாத்துறவன் தனக்கு மட்டும் லாபம் பாக்கல, பக்கத்துல நிக்கிற நேர்மையானவனோட விலையையும் சேர்த்துக் கெடுக்கிறான். சொல்ல வந்தது இதுதான்.

இதுல நமக்கும் ஒரு சம்பந்தம் இருக்குது. இந்தக் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பிட்டு ஆகர்லாஃப் 1967-68-ல ஒரு வருஷம் டெல்லியில இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துல வேலை பார்த்தாரு. பக்ரா நங்கல் அணைத் தண்ணியை எப்படிப் பங்கு வைக்கிறதுங்கிற வேலை. முதல் பத்திரிகை கட்டுரையை வேணாம்னு திருப்பின கடிதம் அவருக்கு இங்க இருக்கும்போதுதான் வந்ததாம். மூணு பத்திரிகை திருப்பி அனுப்பி, நாலாவதுதான் போட்டாங்க. 2001-ல அதுக்கு நோபல் பரிசு கிடைச்சது. அந்தக் கட்டுரையில நம்ம ஊர் அரிசியும் வருது. கடைக்காரன் அரிசியோட நிறத்துலயே, அதே வடிவத்துல கல்லைக் கலந்து விக்கிறதையும், வீட்டுப் பெண்கள் அதை உட்கார்ந்து பொறுக்குறதையும் உதாரணமா எழுதியிருக்காரு. எங்க அம்மா முறத்துல அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கினது எனக்கு ஞாபகம் வந்தது. நோபல் பரிசு விஷயம் எங்க வீட்டுத் திண்ணையில தினமும் நடந்திருக்குது.

நெல் விக்கிற எனக்கு இது நல்லாப் புரியும். கொள்முதல் நிலையத்துல நெல்லைக் கொட்டினா ஈரப்பதம் பார்க்க மீட்டர் இருக்குது. 17 சதவீதத்துக்கு மேல போனா சண்டைதான். எனக்கு அந்த மீட்டர் மேல கோபம் உண்டு. ஆனா அது இருக்கிறதாலதான் காய வெச்சுக் கொண்டுபோனவனுக்கும் ஈரமா கொண்டுபோனவனுக்கும் வித்தியாசம் தெரியுது. காருக்கு அப்படி ஒரு மீட்டர் இல்ல. இருக்கிறது ஓடின கிலோமீட்டர் காட்டுற மீட்டர் ஒண்ணுதான். அதையும் பின்னாடி திருப்பிடுறாங்க.

நான் அதுல மாட்டினவன். 2013-ல இந்த வண்டியை வாங்கும்போது மீட்டர்ல 38,000 கிலோமீட்டர்னு இருந்தது. வித்தவர் பேர் எதுக்கு? நல்லாப் பேசினாரு, காபி கொடுத்தாரு. வாங்கி மூணு மாசம் கழிச்சு பானெட்டைத் தூக்கித் துடைக்கும்போது ஓரத்துல ஆயில் மாத்தின ஸ்டிக்கர் ஒண்ணு ஒட்டியிருந்தது. அடுத்த சர்வீஸ் 61,000-த்துலன்னு எழுதியிருந்தது. அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல. பணம் போனதுகூட பரவாயில்ல. என்னை முட்டாள்னு நினைச்சுக் காபி கொடுத்திருக்காரே, அதுதான் வலிச்சது.

இப்போ விக்கிற இடத்துல நான் நிக்கிறேன். என்கிட்டயும் ஒரு ரகசியம் இருந்தது.

2015 டிசம்பர் மழையை சென்னைக்காரங்க யாரும் மறக்க மாட்டீங்க. செம்பரம்பாக்கம் திறந்து அடையாத்துக் கரை முழுகினதைத்தான் டி.வி.யில நிறையக் காட்டினாங்க. இந்தப் பக்கமும் ஏரி ஏரியா நிரம்பி வழிஞ்சது. எங்க தெரு பள்ளம். காருக்குள்ள சீட்டு உயரத்துக்குத் தண்ணி நின்னது. நல்ல வேளை, தண்ணி வடிஞ்சதும் நான் சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணல. பண்ணியிருந்தா என்ஜினுக்குள்ள தண்ணி போய் கனெக்டிங் ராடு வளைஞ்சிருக்கும். டோ பண்ணி எடுத்துப் போய், ஆயில் எல்லாம் மாத்தி, ஸ்டார்ட்டர் மோட்டாரையும் ஆல்டர்னேட்டரையும் கழட்டி வேலை பார்த்து, சீட்டு, மேட்டு எல்லாத்தையும் வெயில்ல காய வெச்சோம். அப்புறம் பத்து வருஷம் ஓடிச்சு. ஆனா வொயரிங்ல அப்பப்போ ஏதாவது வரும். டிரைவர் சீட்டு மேட்டுக்குக் கீழே தகரம் துருப் பிடிச்சிருக்குது.

எனக்கு அப்போ தர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும்தான். கிளெய்ம் பண்ண முடியாது. சொந்தக் காசுலதான் செலவு பண்ணினேன். அதனால வண்டி வெள்ளத்துல நின்னதுக்கு எந்தக் காகிதத்துலயும் பதிவு இல்ல. நான் சொன்னாத்தான் உண்டு. அந்த வருஷம் முழுகின நிறைய வண்டிகளை இன்சூரன்ஸ் கம்பெனிங்க ஏலத்துல விட்டாங்க. துடைச்சு, பாலிஷ் போட்டு ஊர் ஊராப் போச்சு. அதுக்கு அப்புறம் 2023-ல மிக்ஜாம் வந்தது. சென்னை வண்டின்னாலே வெள்ளத்து வண்டியான்னு கேட்கிற அளவுக்கு ஆயிடுச்சு. ஆகர்லாஃப் சொன்னது அப்படியே நடந்தது. சொல்லாம வித்தவங்களால, தண்ணி படாத வண்டிக்கும் விலை குறைஞ்சது.

"பத்து வருஷம் ஓடிடுச்சு மாமா. அதை இப்போ எதுக்குச் சொல்லணும்? மேட்டை நல்லா ஒட்டிட்டா முடிஞ்சது"ன்னான் மச்சான். அவன் கெட்டவன் இல்ல. ஊர்ல நடக்கிறதைச் சொன்னான். என் வீட்டுக்காரி அரிசி களைஞ்சுக்கிட்டே, "அந்த ஸ்டிக்கரைப் பார்த்த அன்னிக்கு நீங்க சாப்பிடாமப் படுத்தது எனக்கு மறக்கல"ன்னு மட்டும் சொன்னா. அதுக்கு மேல பேச ஒண்ணும் இல்ல.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நான் போட்ட கணக்கை அப்படியே சொல்றேன், யாருக்காவது உதவும்.

முதல்ல, நான் எவ்வளவு போட்டேங்கிறதை மறந்தேன். ரெண்டு வருஷத்துல கிளட்ச், ரெண்டு டயர், பேட்டரி, ஆர்.சி. புதுப்பிச்சது எல்லாம் சேர்த்து 40,000-க்கு மேல ஆச்சு. மனசு அதை விலையில ஏத்தச் சொல்லும். வாங்குறவனுக்கு அது சம்பந்தமே இல்ல. கிளட்ச் இருந்தாத்தான் அது வண்டி, இல்லன்னா கொட்டகையில நிக்கிற இரும்பு. செலவு பண்ணினதுக்கு நான் ஓட்டிட்டேன், அதோட சரி.

அடுத்து, அதே மாடல், அதே வருஷ வண்டிக்கு நம்ம ஏரியாவுல என்ன கேட்கிறாங்கன்னு பார்த்தேன். 1,10,000-ல இருந்து 1,40,000 வரைக்கும் இருந்தது. ஆனா அது கேட்கிற விலை. முடிஞ்ச விலை இல்ல. சந்தையில மாட்டுக்காரன் வாயில சொல்றது ஒண்ணு, துண்டுக்குள்ள முடியுறது ஒண்ணு. ரெண்டு மூணு பேருக்குப் போன் பண்ணி, வித்துடுச்சா, எவ்வளவுக்குப் போச்சுன்னு கேட்டேன். 90,000 பக்கம் முடிஞ்சிருந்தது.

மூணாவது, காகிதம். மோட்டார் வாகனச் சட்டப்படி தனியார் காருக்குப் பதிவு 15 வருஷம். அப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். 2022 ஏப்ரலுக்கு முன்னாடி அதுக்குக் கட்டணம் 600 ரூபாய். அப்புறம் 5,000. இப்போ 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000. பசுமை வரி தனி. நான் 2024-லயே புதுப்பிச்சுட்டதால வாங்குறவருக்கு 2029 வரைக்கும் அந்தத் தொல்லை இல்ல. டெல்லியில வந்த மாதிரி 15 வருஷ பெட்ரோல் வண்டியை ரோட்டுல விடக் கூடாதுங்கிற தடையும் நம்ம ஊர்ல இல்ல. இது எனக்குச் சாதகம்.

நாலாவது, வாங்கின உடனே அவர் செலவு பண்ண வேண்டியது. மிச்சம் ரெண்டு டயர் மாத்தணும். துருப் பிடிச்ச தகரத்துக்கு வெல்டிங் வெக்கணும். வொயரிங் பார்க்கணும். ஏ.சி.க்கு கேஸ் ஏத்தணும். மெக்கானிக்கை உட்கார வெச்சுக் கணக்குப் போட்டதுல 14,000 வந்தது. 90,000-ல அதைக் கழிச்சா 76,000. பேரத்துக்கு இடம் வேணும், அது இல்லன்னா வாங்குறவருக்குத் திருப்தி இருக்காது. 85,000 கேட்கிறது, 75,000-க்குக் கீழே போறதில்லன்னு முடிவு பண்ணினேன். அதுக்குக் கீழே போனாலும் தாங்கிக்க ஒரு தரை இருக்குது, கன்சல்டிங் கடை சொன்ன 55,000. அந்தக் கடைக்காரர் மேல எனக்குக் கோபம் இல்ல. அவருக்கும் என் வண்டிக்குள்ள என்ன இருக்குதுன்னு தெரியாது. அந்தப் பயத்துக்கும் சேர்த்துத்தான் குறைச்சுச் சொன்னாரு.

போன் பண்ணினவங்ககிட்ட முதல்லயே சொன்னேன். "தம்பி, 2015-ல சீட்டு வரைக்கும் தண்ணி நின்ன வண்டி. வேலை பார்த்து பத்து வருஷம் ஓட்டியிருக்கேன். மேட்டுக்குக் கீழே துரு இருக்குது. மீட்டர்ல காட்டுறதைவிட 20,000 கிலோமீட்டருக்கு மேல கூட ஓடியிருக்கும். வேணும்னா வந்து பாருங்க." ரெண்டு பேர் அப்பவே வெச்சுட்டாங்க. ஒருத்தர், அப்போ 40,000-க்குக் கொடுப்பீங்களான்னு கேட்டாரு. வயித்துல புளியைக் கரைச்சது. மச்சான் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்குது.

பத்து நாள் கழிச்சு அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் பட்டறையில வேலை பாக்குற ஒரு பையன் வந்தான். கூடவே ஒரு மெக்கானிக். கைக்குழந்தை இருக்குது, பைக்ல மூணு பேரா போக முடியலன்னு சொன்னான். நானே மேட்டைத் தூக்கிக் காட்டினேன். அந்த மெக்கானிக் வண்டிக்கு அடியில படுத்துப் பார்த்துட்டு எழுந்து வந்து, "சார் சொன்னதைவிடக் கம்மியாத்தான் துரு இருக்குது"ன்னாரு. அந்த ஒரு வார்த்தை 10,000 ரூபாய் பெறும். அவர் என்னை நம்ப ஆரம்பிச்சுட்டாரு. அப்புறம் நான் என்ஜின் நல்லா இருக்குதுன்னு சொன்னப்போ அதையும் நம்பினாரு. 78,000-ல முடிஞ்சது. மெக்கானிக் முதல் நாள் சொன்ன 80,000-க்குப் பக்கத்துலயே வந்து நின்னுடுச்சு.

பணம் கைக்கு வந்ததும் விஷயம் முடியல. நாள், நேரம் போட்டு டெலிவரி நோட் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். படிவம் 29, படிவம் 30 ரெண்டையும் கையோட முடிச்சோம். சட்டப்படி விக்கிறவர் 14 நாளுக்குள்ள தெரிவிக்கணும், வாங்குறவர் 30 நாளுக்குள்ள விண்ணப்பிக்கணும். இதை அலட்சியம் பண்ணாதீங்க. 2018-ல உச்ச நீதிமன்றத்துல ஒரு தீர்ப்பு வந்தது. ஒருத்தர் 2007-ல வித்த கார், கை மாறிக் கை மாறிப் போய் 2009-ல விபத்துல ஒரு உயிர் போச்சு. ஆர்.சி.யில பேர் மாறவே இல்ல. ஆர்.சி.யில யார் பேர் இருக்குதோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்புன்னு தீர்ப்பு. வித்த விலையைவிடப் பல மடங்கு கட்ட வேண்டி வரும். பேர் மாறுற வரைக்கும் வண்டி நம்மளுதுதான்.

இப்போ யாராவது பழைய காருக்கு என்ன விலை சொல்றதுன்னு கேட்டா, ஆவடி மாநாட்டுல இருந்து ஆரம்பிக்கிறேன்னு என் வீட்டுல கிண்டல் பண்றாங்க. பண்ணட்டும். வரிசை இருந்த காலத்துல வரிசைதான் விலையைச் சொல்லிச்சு. அப்புறம் ஷோரூம் சொல்லிச்சு. 16 வருஷ வண்டிக்கு ரெண்டும் பாதிதான் சொல்லும். மிச்சப் பாதி, விக்கிறவன் வாயில இருந்து வர்றதை வாங்குறவன் எவ்வளவு நம்புறான்கிறதுல இருக்குது. சொல்லாம வித்திருந்தா எனக்கு ஒரு 10,000 அதிகமா வந்திருக்கலாம். அது தெரிஞ்சேதான் விட்டேன்.

போன வாரம் அந்தப் பையன் போன் பண்ணினான். வெல்டிங் வெச்சாச்சாம், குழந்தையைத் திருவேற்காடு கோயிலுக்குக் கூட்டிப் போனாங்களாம். வைப்பர் மட்டும் விட்டு விட்டு ஓடுது, ஏதாவது வழி இருக்குதான்னு கேட்டான். மழை நேரத்துல அது அப்படித்தான், ஃபியூஸைக் கழட்டித் துடைச்சுப் போடுன்னு சொன்னேன்.